டார்கெட்டை எட்டும் பொய்கள்

ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜன் தன் கணக்குகளில் இருப்பு ஒரே ஒரு ரூபாய். 2016 செப்டம்பரில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது. கணக்கு வைத்திருந்த ஏழைகள் பலருக்கு அந்த ஒரு ரூபாய் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. போட்டவர்கள் வங்கி ஊழியர்கள். சிலர் சொந்தப் பையிலிருந்து போட்டார்கள். சில கிளைகளில் உபசரிப்புப் படி, கேன்டீன் மானியம், அலுவலகப் பராமரிப்புச் செலவு என்று கைக்கு எட்டியதிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள்.

காரணம் எளிது. 2014 ஆகஸ்ட் 28இல், எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்ற ஜன் தன் திட்டம் தொடங்கியபோது மேலிடம் கேட்டது ஒரே ஒரு எண்: எத்தனை கணக்கு திறந்தீர்கள்? தொடக்க வாரத்தில் மட்டும் 1.8 கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டன. கின்னஸ் சான்றிதழும் வந்தது. கொஞ்ச நாளில், ‘முக்கால்வாசிக் கணக்கில் பணமே இல்லையே’ என்ற விமர்சனம் எழுந்தது. கேட்கும் எண் உடனே மாறியது. ‘ஜீரோ பேலன்ஸ்’ கணக்குகள் எத்தனை சதவீதம்? ஏன் இன்னும் குறையவில்லை? ஒரு ரூபாய் போட்டால் போதும், அந்தக் கணக்கு ஜீரோ பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இரண்டு ஆண்டுகளில் முக்கால் பங்கு கால் பங்கானது.

இதில் ஊழல் இல்லை என்பதுதான் விசேஷம். திருடுகிறவர் லாபம் பார்ப்பார். இவர்கள் கைக்காசைப் போட்டுப் பொய் சொன்னார்கள். அரசு ஊதியம் வாங்குகிற, பொதுவாக நேர்மையான, ஒரு ரூபாய் கணக்கில் உதைத்தால்கூட இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிற மனிதர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்காமல், அலுவலகங்களில் இலக்கு வைப்பதைப் பற்றியோ பணித்திறனை மதிப்பிடுவதைப் பற்றியோ பேசிப் பயனில்லை.

வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் யாரிடமாவது மார்ச் மாதத்தில் பேசிப் பாருங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் அன்றைய டார்கெட் வந்திருக்கும். மதியம் ‘இதுவரை எவ்வளவு?’ சாயங்காலம் ரிவ்யூ கால். வட்டாரத்தின் கிளை மேலாளர்கள் அத்தனை பேரும் திரையில் இருக்க, ஒவ்வொருவராகக் கேள்வி வரும். “இன்னிக்கு எத்தனை எஸ்.பி. அக்கவுன்ட்? பாலிசி எத்தனை? ஜீரோவா? ஏன் ஜீரோ? நாளைக்கு எத்தனைன்னு இப்பவே கமிட் பண்ணுங்க.” மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். 2023 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு தனியார் வங்கி அதிகாரி இப்படியொரு கூட்டத்தில் கீழே உள்ளவர்களைக் கத்தித் தீர்த்த காணொலி நாடெங்கும் பரவியது. அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அவருக்கு மேலேயிருந்து வந்த டார்கெட் சஸ்பெண்ட் ஆனதாகத் தெரியவில்லை.

இதோடு ‘லாகின் டே’ என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு நாளில் கிளைக்கு இத்தனை காப்பீட்டு பாலிசி என்று கணக்கு. அன்றைக்கு உள்ளே நுழைகிற வாடிக்கையாளர் பாவம். லாக்கர் கேட்டு வந்தவருக்கு பாலிசி. நகைக்கடன் வாங்க வந்தவருக்கு பாலிசி. பென்ஷன் பணத்தில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்த பெரியவரிடம், “இதுலயே போட்டா இன்னும் நல்ல ரிட்டர்ன் சார்” என்று பல வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய ஒரு பாலிசிப் படிவத்தை நீட்டுவார்கள். 2024 நவம்பரில் மும்பையில் நடந்த வங்கியாளர் மாநாட்டில், வேண்டாத காப்பீட்டை மக்கள் தலையில் கட்டுவது மறைமுகமாக அவர்கள் கடன் வாங்கும் செலவையும் ஏற்றுகிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார். விற்கும் வங்கி ஊழியருக்குக் காப்பீட்டு நிறுவனம் ரொக்கமாகவோ பொருளாகவோ எதுவும் தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியும் இருக்கிறது. ஆனால், ஊழியரை ஓடவைப்பது பரிசின் ஆசை என்று யார் சொன்னது? பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பெற்றோரின் மருத்துவமும் சென்னையில் இருக்கும்போது, விழுப்புரத்துக்கோ விசாகப்பட்டினத்துக்கோ வரக்கூடிய டிரான்ஸ்பர் ஆர்டர் போதும்.

மார்ச் 31 இரவு டெபாசிட் உப்புவதும் ஏப்ரல் முதல் வாரத்தில் வடிவதும் வங்கித் துறையில் பழங்கதை. தெரிந்த நிறுவனத்திடம் ‘ஒரு நாளைக்கு மட்டும்’ என்று கேட்டு வாங்கிய பணம் அது. இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மார்ச் 25இலேயே டார்கெட் முடிந்துவிட்ட கிளையில், நல்ல டெபாசிட்டோடு வருபவரிடம், “ஒண்ணாம் தேதி வாங்க சார்” என்பார்கள். இந்த ஆண்டு கூடுதலாகச் செய்தால், அதற்கு மேல் இருபது சதவீதம் சேர்த்து அடுத்த ஆண்டின் டார்கெட் வந்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதாவது, நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை. போன ஆண்டின் எண்ணோடு ஒரு சதவீதத்தைக் கூட்டி இலக்கு வைக்கும் எந்த அலுவலகமும் தன் ஊழியர்களுக்கு ஒளித்துவைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஏன் எட்டு? ஆங்கிலத்தில் ‘கிரேட்’ என்ற சொல்லோடு ‘எய்ட்’ எதுகையாக வருகிறது. முழக்கமாகச் சொல்ல நன்றாக இருந்தது. ஒரு மனிதருக்கு எட்டு வங்கிச் சேவைகள் தேவைப்படுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஜனவரியில் தனியாக ஒரு கேம்பெயின் வேறு. விளைவு, வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் கணக்குகளும் கிரெடிட் கார்டுகளும் முளைத்தன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதத்தோடு விவகாரம் வெடித்தபோது, அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடியவை சுமார் 20 லட்சம் கணக்குகள் என்றார்கள். அடுத்த ஆண்டு அது 35 லட்சம் வரை ஏறியது. விவகாரம் வெடிப்பதற்குள்ளேயே சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். ‘ஒழுக்கக்கேடு செய்தவர்களை நீக்கிவிட்டோம்’ என்பதே நிர்வாகத்தின் முதல் பதில். ஐந்து ஆண்டுகளாக, ஊர் ஊராக, ஒருவரையொருவர் அறியாத 5,300 பேர் ஒரே மாதிரித் தவறைச் செய்கிறார்கள் என்றால், கோளாறு அந்த 5,300 பேரின் குணத்திலா இருக்கும்?

அப்படியானால் இலக்கே வேண்டாமா? ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று விட்டுவிடலாமா? அது இன்னும் மோசம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தவர்கள். திட்டவட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் மனிதர்கள் கூடுதலாகவே செய்கிறார்கள் என்பது அவர்களின் முடிவு. லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இதற்குச் சான்றாக எல்லா நிர்வாகவியல் வகுப்புகளிலும் சொல்வார்கள். முழுவதையும் சொல்வதில்லை என்பதுதான் என் புகார்.

ஒக்லஹோமா மாநிலத்துக் காடுகளிலிருந்து ஆலைக்கு மரத்தடி ஏற்றிச்செல்லும் லாரிகள். சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றிவந்தன. மரம் ஒவ்வொன்றும் ஒரு பருமன், ஒரு நீளம். கண்மதிப்பில்தான் ஏற்ற வேண்டும், கூடிப்போனால் அபராதம். எனவே டிரைவர்கள் குறைத்தே ஏற்றினார்கள். ‘முடிந்த அளவு ஏற்றுங்கள்’ என்று நிர்வாகம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. ஆய்வாளர்கள் ஒரு எண்ணைக் கொடுத்தார்கள்: 94 சதவீதம். முதல் மாதமே 80 சதவீதத்துக்கு ஏறியது. பிறகு 90 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றது. புதிய லாரி வாங்கவில்லை, போனஸ் தரவில்லை. ஒன்பது மாதத்தில் நிறுவனத்துக்கு மிச்சமானது இரண்டரை லட்சம் டாலர். வகுப்பில் சொல்லப்படும் கதை இவ்வளவுதான்.

சொல்லாமல் விடுவது இரண்டாவது மாதத்தை. அந்த மாதம் 80 சதவீதம் 70ஆகச் சரிந்தது. இலக்கு வைக்கும்போதே டிரைவர்களிடமும் அவர்களின் தொழிற்சங்கத்திடமும் ஒரு வாக்கு கொடுத்திருந்தார்கள்: இது ஒரு சோதனை, கூடுதல் நடை அடிக்கச் சொல்ல மாட்டோம், ஒரு மாதம் கூடி அடுத்த மாதம் குறைந்தாலும் யார் மீதும் நடவடிக்கை கிடையாது. அந்த வாக்கு உண்மையா என்று பார்க்கவே டிரைவர்கள் வேண்டுமென்று குறைத்திருக்கிறார்கள். பின்னர் பேசியபோது அவர்களே அதைச் சொன்னார்கள். நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை. மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எடை 90க்கு ஏறியது. இரண்டாவது மாதத்தில் மட்டும் யாராவது ரிவ்யூ கால் போட்டிருந்தால், நமக்கு இந்த ஆய்வே கிடைத்திருக்காது.

எண் அங்கே வேலை செய்தது, அதோடு பயம் ஒட்டியிருக்கவில்லை என்பதால். எடைமேடையில் தெரியும் அளவு டிரைவருக்கான தகவலாக இருந்தது. அவர் மீதான குற்றப்பத்திரிகையாக இல்லை.

இலக்கு வைத்து நிர்வகிப்பது என்ற முறைக்குத் தந்தை என்று சொல்லப்படும் பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதிய ‘தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ நூலிலும் இதுதான் இருக்கிறது. இலக்கோடு சுயகட்டுப்பாட்டையும் சேர்த்தே அவர் பேசினார்; அலுவலகங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கழற்றிவிட்டன. அந்த நூலில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தணிக்கை முறையை அவர் மெச்சியிருக்கிறார். ஊர் ஊராகப் போகும் தணிக்கையாளர்கள் ஒவ்வொரு பிரிவையும் ஆண்டுதோறும் துருவி ஆராய்வார்கள். ஆனால், அந்த அறிக்கை போய்ச்சேர்வது அந்தப் பிரிவின் மேலாளருக்கே. தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ள அவருக்கு அது ஒரு கருவி.

வரலாற்றின் குறும்பைப் பாருங்கள். அதே ஜெனரல் எலெக்ட்ரிக்தான் ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஊழியர்களை மேல் 20 சதவீதம், நடு 70 சதவீதம், அடி 10 சதவீதம் என்று ஆண்டுதோறும் பிரித்து, அடியில் இருந்தவர்களை வெளியேற்றும் முறைக்கு உலகப் புகழ் தேடித்தந்தது. சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. நிறுவனங்கள் வரை ‘பெல் கர்வ்’ என்று வந்துசேர்ந்தது அதன் வாரிசே. பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் கடைசிப் பட்டையில் விழுந்தே தீர வேண்டும். யாரைத் தள்ளுவது? பிரசவ விடுப்பிலிருந்து திரும்பியவர், புதிதாகக் குழுவுக்கு வந்தவர், எப்படியும் வேலையை விட்டுப் போகப்போகிறவர். மேலாளர்கள் இதை அறிந்தே செய்கிறார்கள். பலர் மனம் நொந்தும் செய்கிறார்கள். பிறகு அந்த ஒருவரைத் தனியாக அழைத்து, “உங்க வொர்க்ல குறையே இல்ல. ஆனா இந்த தடவை கர்வ்ல ஃபிட் ஆகல” என்று சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க ஒரு குறையும் சொல்லப்படாதவர், ஏப்ரலில் ஹைக் இல்லாமல், அடுத்த காலாண்டில் ‘பிப்’ எனப்படும் மேம்பாட்டுத் திட்டத்தில் நிற்பார். பெயர்தான் மேம்பாடு, அது வாசலுக்கான வழி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் இந்த முறையை 2013 நவம்பரில் கைவிட்டது. திறமையான பொறியாளர்கள் திறமையான மற்றவர்களோடு ஒரே குழுவில் சேரவே தயங்கினார்கள் என்பது அங்கிருந்து வந்த புகார்களில் ஒன்று. பக்கத்து இருக்கைக்காரரின் வெற்றி என் ரேட்டிங்கைக் குறைக்கும் என்றால் நான் ஏன் அவருக்கு உதவ வேண்டும்? சில ஆண்டுகளில் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பழைய மதிப்பீட்டு முறையை விட்டுவிட்டது. நம் ஊர் நிறுவனங்கள் சிலவும் விட்டுவிட்டதாக அறிவித்தன. அறிவிப்புக்குப் பிறகு கணக்கு எக்செல் தாளுக்குள் போய்விட்டதா என்பதை அங்கே வேலை பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தரவரிசை போடுவதன் அபத்தத்தை ஒரு பெட்டி நிறைய மணிகளை வைத்துக் காட்டியவர் எட்வர்ட்ஸ் டெமிங். 1950 முதல் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த புள்ளியியலாளர். பெட்டியில் 4,000 மணிகள். அதில் 800 சிவப்பு. 50 குழிகள் உள்ள ஒரு கரண்டியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு வெள்ளை மணி மட்டுமே வேண்டும். சிவப்பு வந்தால் அது உங்கள் தவறு. கருத்தரங்குக்கு வந்தவர்களில் ஆறு பேரைத் ‘தொழிலாளி’யாக்கி, டெமிங் தானே மேஸ்திரியாக நிற்பார். ஒருவருக்கு ஆறு சிவப்பு: சபாஷ், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குப் பதிமூன்று: உனக்கு அக்கறையே இல்லை. மறுசுற்றில் சபாஷ் வாங்கியவருக்குப் பன்னிரண்டு வரும்: பாராட்டியதும் தலைக்கனம் ஏறிவிட்டதா? அரங்கம் சிரிக்கும். சராசரியாகப் பத்து சிவப்பு வரும் என்பதைத் தீர்மானித்தது பெட்டி. அந்தப் பெட்டியை நிரப்பியது நிர்வாகம்.

தி.நகர் உஸ்மான் சாலையில் உள்ள கிளையையும் அறந்தாங்கியில் உள்ள கிளையையும் ஒரே தாளில் வரிசைப்படுத்தி, கடைசி பத்துக் கிளைகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி அனுப்புகிறார்களே, அவர்கள் டெமிங்கின் மேஸ்திரியைத்தான் நடிக்கிறார்கள். சிரிக்கத்தான் யாருக்கும் துணிவில்லை.

அரசு அலுவலகங்களில் இந்த நோய் வேறு மாதிரி. அங்கே நெடுங்காலம் மதிப்பீடே ரகசியம். எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் ஒருவருக்கு ஓராண்டு ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும். ‘நன்று’ என்பது பாதகமான குறிப்பில்லையே, அவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். தேவ் தத் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றி மேலதிகாரி என்ன எழுதினார் என்பதைத் தெரிந்துகொள்ளவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இலக்கின் பெயரால் உயிர் போன கதையும் நம்மிடம் உண்டு. நெருக்கடிநிலைக் காலக் கருத்தடை இலக்குகள் போதிய பாடம் கற்பித்த பிறகும், மத்திய அரசு குடும்பநலத் திட்டத்தில் எண்ணிக்கை இலக்குகளைக் கைவிட்டது 1996இல்தான். காகிதத்தில் கைவிட்டாலும் கீழே அது தொடர்ந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 13 பேர் இறந்தார்கள். மருந்தா, கிருமித்தொற்றா என்று விவாதம் நடந்தது. சில மணி நேரத்தில் 83 என்ற எண்ணில் விவாதமே இல்லை. முகாம்களையே மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. கிளை மேலாளரின் அப்ரைசலிலிருந்து காப்பீட்டு விற்பனையை எடுத்துவிடலாம். வங்கி நடத்த வந்தவரை வங்கி நடத்தியதற்காக மதிப்பிடலாம். இந்தக் கிளையின் ஊர் எது, எதிரே எத்தனை வங்கி, எத்தனை காலியிடம் என்பதெல்லாம் தெரிந்த மனிதரோடு உட்கார்ந்து அவருடைய இலக்கை எழுதலாம். தினசரி எண்கள் கிளைக்கே முதலில் போகட்டும். வட்டார அலுவலகம் மாதம் ஒருமுறை பார்த்தால் வங்கி மூழ்கிவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போலியான ஒரு எண் வெளிப்படும்போது அதை எழுதியவரோடு அதைக் கேட்டவரும் பதில் சொல்ல வேண்டும். வெல்ஸ் ஃபார்கோவின் தலைவராக இருந்த ஜான் ஸ்டம்ப், 2016 அக்டோபரில் பதவி விலகியதோடு கணக்கு முடியவில்லை. 2020இல் அவர் மீது தனிப்பட்ட முறையில் 1.75 கோடி டாலர் அபராதம் விதித்து, வங்கித் தொழிலில் நுழையவும் வாழ்நாள் தடை போட்டார்கள். 2018இல் அந்த வங்கி வளர்வதற்கே போடப்பட்ட உச்சவரம்பு 2025 ஜூனில்தான் நீங்கியது. இங்கே இன்றுவரை டிரான்ஸ்பர் ஆகிறவர் கிளை மேலாளர்.

வாசகர்களிடம் ஒரு வார்த்தை. லாக்கருக்காகவோ கடனுக்காகவோ உங்கள் தலையில் ஒரு பாலிசியைக் கட்டியிருந்தால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கவுன்ட்டரில் இருப்பவரைத் திட்டிவிட்டு வராதீர்கள். அது எந்த கேம்பெயினில் விற்கப்பட்டது, அந்தக் கிளைக்கு அன்று என்ன டார்கெட் என்று அவரிடமே கேளுங்கள். பல பேர் சொல்லிவிடுவார்கள். புகாரில் அவர் பெயருக்குப் பதில் அதை எழுதுங்கள்.